மேலகிரிக் காட்டில் விலங்குக் கணக்கெடுப்பு: முதல்முறை இறங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மேலகிரி மலைக்காடு இருக்கும் ஓசூர், தருமபுரி வனக்கோட்டங்களுக்குக் கணக்கெடுப்புக்கு வரும் மாணவர்களும் தன்னார்வலர்களும் பெரும்பாலும் விலங்கைப் பார்க்கும் ஆசையோடு வருகிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் எவ்வளவு தூரம், எந்த நேரத்தில், எப்படித் தேடினோம், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று எழுதி வைப்பதற்குத்தான் நம்மைக் காட்டுக்குள் விடுகிறார்கள். அடுத்த வருடம் வேறொருவர் அதே தேடலை அப்படியே திரும்பச் செய்ய முடிய வேண்டும். அதனால்தான் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் காட்டுக்கு வெளியே நடக்கிற வேலை.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"அஞ்செட்டிக் காட்டில் என்னென்ன விலங்கு இருக்கிறது" என்பது கேள்வி ஆகாது. எந்த விலங்கு, எந்தப் பரப்பு, எண்ணிக்கை வேண்டுமா அல்லது இருக்கிறதா இல்லையா என்பது போதுமா என்று முடிவு செய்யுங்கள். முறை அதிலிருந்துதான் வரும்.

புள்ளிமான், கடமான், காட்டெருமை மாதிரி பகலில் கண்ணில் படுகிறவற்றின் அடர்த்திக்கு, அதாவது சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்பதற்கு, நேர்கோட்டு நடை. யானைக்கு லத்திக் கணக்கு, அதாவது அதன் சாணக் குவியல்களை எண்ணுவது. உடம்பில் தனித்தனி அடையாளம் உள்ள சிறுத்தைக்கு, முன்னால் ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் தானியங்கி கேமரா. நாற்கொம்பு மான், கரடி போன்றவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் தடயம் தேடும் நடை. சாம்பல் நிற மலை அணிலுக்கு மலையேறிப் பயனில்லை. காவிரிக் கரையின் நீர்மருது மரங்களில் கூடு தேட வேண்டும்.

ஒரே நடையில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பவர்களுக்கு எதுவும் உருப்படியாகக் கிடைப்பதில்லை. மானைத் தேடுகிறவர் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், லத்தி எண்ணுகிறவர் தரையைப் பார்த்து நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது.

2. அனுமதி வந்த பிறகே அடுத்த படி

மேலகிரிப் பகுதியில் பெரும் பரப்பு இப்போது இரண்டு சரணாலயங்களுக்குள் வந்துவிட்டது. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். சரணாலயத்துக்கு வெளியே உள்ள காப்புக்காட்டுக்கும் அனுமதி இல்லாமல் போக முடியாது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882 இருக்கிறது.

விண்ணப்பத்தில் முறை, கேமரா எண்ணிக்கை, ஆட்களின் பெயர், தேதிகள், வரைபடம் எல்லாம் இருக்கட்டும். கேமரா வைப்பதை எழுத மறந்துவிட்டு, பிறகு "சும்மா நாலு கேமராதானே சார்" என்று போய் நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம். அது நடக்காது. ட்ரோன் என்றால் தனியாகக் கேட்க வேண்டும்.

கடிதம் கைக்கு வந்ததும் மாவட்ட வன அலுவலகத்தோடு நிறுத்தாமல், அந்தந்த வனச்சரகரையும் நேரில் பாருங்கள். வனக்காப்பாளரும் வேட்டைத் தடுப்புக் காவலரும் எந்த நாளில் உங்களோடு வர முடியும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

3. மாதத்தைத் தேர்ந்தெடுத்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தக் காடு பெரும்பாலும் இலையுதிர் காடும் முட்புதரும். வடகிழக்குப் பருவமழை முடிந்து இலை கொட்டிய பிறகு பார்வை தூரம் எட்டும். இலை கொட்டுவதற்கு முன், மழை முடிந்த கையோடு போனால் பத்தடிக்கு அப்பால் நிற்கும் கடமான்கூடத் தெரியாது. நடைக் கணக்குக்கு ஜனவரி, பிப்ரவரி வசதி. அதற்கு மேல் தள்ளினால் காட்டுத்தீப் பருவம் வந்துவிடும். காவலர்கள் முழுக்கத் தீத்தடுப்பு வேலையில் இருப்பார்கள், உங்களோடு வர ஆள் இருக்காது.

யானை விஷயத்தில் மாதம் இன்னும் முக்கியம். கேழ்வரகு விளையும் அக்டோபர், நவம்பரில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாகக் கூட்டங்கள் இறங்கும், சில மாதம் தங்கும், திரும்பும். ஒரு வருடம் டிசம்பரிலும் மறு வருடம் ஏப்ரலிலும் எண்ணிவிட்டு "யானை குறைந்துவிட்டது" என்று எழுதினால், அது இடப்பெயர்ச்சியைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த யானைக் கணக்கெடுப்பை 2023, 2024, 2025 மூன்று வருடமும் மே மாதத்திலேயே நடத்தியதற்கும் இதுதான் பலன்: ஒரே பருவம் என்றால் ஒப்பிடலாம்.

4. கோடுகளை வீட்டில் உட்கார்ந்து போடுங்கள்

நேர்கோட்டு நடைக்கான பாதையைத் துறையில் டிரான்செக்ட் என்பார்கள். இனி கோடு என்கிறேன். பொதுவாக 2 கிலோமீட்டர் நீளம்.

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, முதல் கோட்டின் இடத்தைக் குலுக்கல் முறையில் எடுத்து, மற்றவற்றைச் சம இடைவெளியில் போடுங்கள். காட்டுக்குப் போய் "இந்த வழி நன்றாக இருக்கிறது" என்று கோடு போடாதீர்கள். நன்றாக இருக்கும் வழி என்றால் ஜீப் ரோடு, மாட்டுத்தடம், ஓடைக்கரை. விலங்குகள் அவற்றை விரும்பி வரும் அல்லது விலகிப் போகும், இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர் மக்கள்தொகையை எண்ணுவது மாதிரிதான் அது.

வரைந்த கோடு செங்குத்துப் பாறையிலோ ஆழமான பள்ளத்திலோ விழுந்தால் என்ன செய்வது என்ற விதியையும் முன்பே எழுதி வையுங்கள். உதாரணத்துக்கு, அதே திசையில் 200 மீட்டர் கிழக்கே தள்ளுவது. மலையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே முடிவெடுத்தால் எப்போதும் சுலபமான பக்கத்துக்குத்தான் கால் போகும்.

கோட்டை அடையாளப்படுத்தும்போது உண்ணிச்செடியை ஆள் நுழையும் அளவுக்கு ஒதுக்கினால் போதும். அகலமாக வெட்டினால் அது புதுத் தடமாகிவிடும். ஒரே வாரத்தில் மாடும் யானையும் அதில் நடக்கும். அடையாளம் வைத்த பிறகு சில நாள் அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிட்டு நடையைத் தொடங்குங்கள்.

5. ஆட்களும் சாமான்களும்

ஒரு கோட்டுக்கு மூன்று பேர். முன்னால் காவலர், நடுவில் அளப்பவர், பின்னால் எழுதுபவர். நான்காவது ஆள் சத்தம்தான்.

தூரமானி, காம்பஸ், ஜிபிஎஸ், பைனாகுலர், அச்சிட்ட டேட்டா ஷீட், பென்சில். பேனா வேண்டாம், பனியில் மை கரையும். காம்பஸைப் படிக்கும்போது போனையும் கத்தியையும் தள்ளி வையுங்கள், முள் விலகும். மங்கலான பச்சை, பழுப்பு உடை. முழுக்கால் மறைக்கும் ஷூ, ஏனென்றால் உண்ணியும் கண்ணாடி விரியனும் இங்கே சகஜம். பாம்பு கடித்தால் எந்த வழியாக எந்த அரசு மருத்துவமனை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உரிகம் பக்கத்துப் பள்ளத்தில் சிக்னல் தேடிக்கொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

யானை விஷயத்தில் காவலர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அவர் "திரும்புங்க சார்" என்றால் அந்த நடை அன்றைக்கு ரத்து. ரத்தான இடத்தையும் நேரத்தையும் ஷீட்டில் எழுதுங்கள்: "1.2 கிலோமீட்டரில் நிறுத்தம், யானைக்கூட்டம்." நடந்தது 1.2 கிலோமீட்டர்தான், 2 அல்ல. இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால், யானை அதிகமுள்ள கோடுகளில் மான் குறைவு என்று தப்பான முடிவு தானாக வந்து நிற்கும்.

6. ஊரிலேயே ஒத்திகை

வெட்டவெளியில் அட்டைப் பெட்டிகளை வெவ்வேறு தூரத்தில் வைத்து, எல்லாரையும் கண்ணாலேயே தூரம் சொல்லச் சொல்லுங்கள், பிறகு நாடாவால் அளங்கள். இருபது மீட்டரை முப்பது என்பவர் யார், பன்னிரண்டு என்பவர் யார் என்று தெரிந்துவிடும். தூரமானி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். மூங்கில் புதருக்குள் தூரமானியின் கதிர் முன்னால் இருக்கும் கொம்பில் பட்டு 6 மீட்டர் காட்டும், மான் நிற்பது 35 மீட்டரில் இருக்கும். வந்த எண்ணைச் சந்தேகிக்கக் கண் பழகியிருக்க வேண்டும்.

விலங்குப் பெயர்களையும் அன்றே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காவலர்களில் வீட்டில் கன்னடம், தெலுங்கு பேசுபவர்கள் உண்டு. நாற்கொம்பு மானும் கேளையாடும் பேச்சில் குழம்பும். படத்தைக் காட்டிக் கேளுங்கள். ஷீட்டில் வெறும் "மான்" என்று எழுதிய வரியைப் பிறகு யாராலும் காப்பாற்ற முடியாது.

7. கோட்டில் நடப்பது

விடிந்தவுடன் தொடங்குங்கள். ஆறு மணிக்குக் கோட்டின் தொடக்கத்தில் நிற்க வேண்டும், ஆறு மணிக்கு முகாமிலிருந்து கிளம்புவது அல்ல. 2 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். தொடங்கும் முன்பே தேதி, கோட்டின் எண், ஆட்கள், வானிலை, தொடக்க நேரம் எழுதிவிடுங்கள்.

இந்த முறை நிற்பது மூன்று நிபந்தனைகளில். கோட்டின் மேலேயே இருக்கும் விலங்கு தவறாமல் கண்ணில் பட வேண்டும். விலங்கு நம்மைக் கண்டு நகர்வதற்கு முன் இருந்த இடத்தை அளக்க வேண்டும். அளவு சரியாக இருக்க வேண்டும். தூரத்தில் இருப்பவை தவறிப்போனால் பரவாயில்லை. எவ்வளவு தவறியிருக்கும் என்பதைத் தூரக் கணக்கே சொல்லிவிடும்.

முன்னால் போகும் காவலர் கை காட்டியதும் எல்லாரும் நிற்க வேண்டும். புள்ளிமான் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். உடனே தலை எண்ணத் தொடங்குவதுதான் எல்லாரும் செய்வது. எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் ஓடிவிடும், ஓடி நின்ற இடத்தை அளப்பார்கள். வரிசையை மாற்றுங்கள். முதலில், கூட்டத்தின் நடுவே இருக்கும் அசையாத ஒன்றைப் பிடியுங்கள், ஒரு வெக்காலி மரமோ பாறையோ. அதற்குத் தூரமானி. அடுத்து காம்பஸ். பிறகுதான் தலை எண்ணிக்கை, கடைசியாக ஆண், பெண், குட்டி. கூட்டம் ஓடினாலும் மரம் அங்கேயே நிற்கும்.

காம்பஸில் இரண்டு எண் வேண்டும்: கோடு போகும் திசை, விலங்கு நிற்கும் திசை. கோடு 110 பாகை, மான் 140 பாகை என்றால் கோணம் 30. தூரமானி 40 மீட்டர் காட்டினால், கோட்டிலிருந்து மானின் செங்குத்துத் தூரம் 40 × சைன் 30, அதாவது 20 மீட்டர். கணக்கில் பயன்படுவது இந்த 20 தான்.

கோணத்தை உத்தேசமாக எழுதுவதால் வரும் கேட்டைப் பாருங்கள். அதே 40 மீட்டரில் 10 பாகை என்றால் செங்குத்துத் தூரம் சுமார் 7 மீட்டர். 20 பாகை என்றால் சுமார் 14. பத்துப் பாகைச் சோம்பேறித்தனத்தில் தூரம் இரட்டிப்பாகிவிட்டது. கோட்டில் நேர் எதிரே நிற்பதாகத் தோன்றும் விலங்குக்கெல்லாம் "0" என்று எழுதுவதும் இதே வியாதி. பூஜ்யம் குவிந்தால் அடர்த்தி ஊதிப்போகும்.

பின்னால் திரும்பிப் பார்த்துக் கண்ட விலங்கையும், திரும்பி வரும் வழியில் கண்டதையும் ஷீட்டின் அடியில் தனியாக எழுதுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். போகும்போது சிறுத்தையைக் காணாமல், வரும்போது கண்டால் சேர்க்கச் சொல்லிக் கை துடிக்கும். விடுங்கள்.

ஒன்றுமே காணாத நடையும் ஷீட்டில் ஏற வேண்டும். "2 கிலோமீட்டர், 6.05 முதல் 8.10, விலங்கு இல்லை." புதியவர்கள் அந்தத் தாளைக் கிழித்துப் போடுகிறார்கள், அல்லது வெட்கப்பட்டு எடுத்து வருவதே இல்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் நடந்த தூரம் குறைவாகத் தெரியும், விலங்கு நிறைய இருப்பதாகக் கணக்கு காட்டும்.

ஒரு விலங்கின் அடர்த்தியை நம்பிக்கையோடு சொல்ல அறுபது முதல் எண்பது பதிவுகளாவது வேண்டும். ஒரு கூட்டம் ஒரு பதிவு. அதனால் அதே கோடுகளை வெவ்வேறு நாட்களில் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். மான் வகைகளுக்கு இது எட்டும். நாற்கொம்பு மானுக்கு எட்டாது, அதற்குத் தடயம்தான். அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் புழுக்கை போடும், அந்தக் குவியல்கள் நல்ல அடையாளம்.

8. லத்திக் கணக்கு

யானையை நேரில் எண்ண, பரப்பைச் சில சதுர கிலோமீட்டர் அளவுள்ள பகுதிகளாகப் பிரித்து ஒரே நாளில் எல்லாப் பகுதியிலும் ஆள் இறக்க வேண்டும். அதை வனத்துறைதான் செய்ய முடியும். சிறு குழுவுக்கு ஏற்றது லத்தி.

கோட்டில் மெதுவாக, தரையைப் பார்த்து நடங்கள். குவியல் கண்டதும் அதன் நடுவிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக நாடா பிடியுங்கள். இங்கே தூரமானி வேண்டாம், சென்டிமீட்டர் கணக்கு. உருண்டைகள் முழுசாக இருக்கின்றனவா, சில உடைந்தனவா, எல்லாம் நாராகிவிட்டனவா என்ற நிலையை எழுதுங்கள். ஒரு குவியலைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள்: மேலே காய்ந்து ஓடு கட்டியிருக்கும், அடியில் சாணவண்டு துளைத்த ஓட்டைகளும் புது மண்ணும், நடுவில் பச்சை வாடை மாறாத மூங்கில் நார். நேற்றுப் போட்டதா போன வாரமா என்பதில் காவலரின் கண் உங்கள் புத்தகத்தைவிட நம்பகமானது. கேட்டு எழுதுங்கள், ஆனால் தரப்படுத்தும் விதியை நடுவில் மாற்றாதீர்கள்.

நடந்துகொண்டே போட்ட லத்தி நீளமாகச் சிதறியிருக்கும். அது ஒரு குவியலா மூன்றா? ஒரே அளவு உருண்டை, ஒரே நிறம், ஒரே நிலை, ஒரே திசையில் வரிசை என்றால் ஒன்று. இதில் ஆளுக்கு ஆள் மாறுவதுதான் இந்த முறையின் பெரிய ஓட்டை, ஒத்திகையில் அடைக்க வேண்டியது.

கணக்கு எளிது: லத்தி அடர்த்தியைச் சிதைவு வீதத்தால் (ஒரு நாளில் குவியல்களில் எத்தனை பங்கு மறைகிறது என்பதால்) பெருக்கி, ஒரு யானை ஒரு நாளில் லத்தி போடும் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கடைசி எண்ணுக்கு முதுமலையில் கண்ட 16.33 என்பதை இந்தியாவில் பரவலாக எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் சிதைவு வீதத்தில். வெறும் உதாரணமாக, சதுர கிலோமீட்டருக்கு 1,600 குவியல், சிதைவு வீதம் நாளுக்கு 0.01 என்றால் விடை 0.98 யானை. வீதம் 0.008 என்றால் 0.78. காட்டில் ஒரு லத்தியும் கூடவில்லை, குறையவில்லை. காகிதத்தில் ஐந்தில் ஒரு பங்கு யானை காணாமல் போய்விட்டது.

அதனால் வேறு காட்டின் வீதத்தைக் கடன் வாங்காதீர்கள். நடைக்குச் சில மாதங்கள் முன்பே, வெயில் படும் இடம், மர நிழல், ஓடைக்கரை என்று கலந்து புது லத்திக் குவியல்களுக்குக் குறி வைத்து, இடைவெளி விட்டுப் போய்ப் பார்த்து, எது எப்போது மறைந்தது என்று எழுதுங்கள். சலிப்பான வேலை. அதைச் செய்யாதவர்களின் யானை எண்ணை நான் நம்புவதில்லை.

9. கேமரா வைப்பது

இங்கே மட்டும் தடங்களைத் தேடிப் போக வேண்டும், ஏனென்றால் சிறுத்தை நடக்கிற வழியில்தான் படம் விழும். ஓடை மணல் தடத்தோடு சேரும் இடம், தீத்தடுப்புக் கோடு, மலைக்கணவாய். கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு இடம் என்று பரப்புங்கள். அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 2 சதுர கிலோமீட்டர் கட்டத்துக்கு ஓர் இணை கேமரா.

இணை எதற்கு? சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளியும் வலப்பக்கப் புள்ளியும் வேறு வேறு. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் ஒரே சிறுத்தையை இரண்டாக எண்ணிவிடுவோம். இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் சற்றே விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதில் அடித்து இரண்டு படமும் வெள்ளையாகிவிடும்.

தரையிலிருந்து முழங்கால் உயரம், தடத்தின் நடுவிலிருந்து மூன்று நான்கு மீட்டர். கிழக்கு, மேற்கு பார்க்க வேண்டாம், வெயில் நேராக விழும். முன்னால் ஆடும் புல்லைப் பிடுங்குங்கள். ஒரு புல் மூன்று நாளில் மெமரி கார்டை நிரப்பிவிடும். வைத்த பிறகு தவழ்ந்து போய்ச் சோதியுங்கள், நிமிர்ந்து நடந்து சோதித்தால் சிறுத்தை உயரத்துக்கு வேலை செய்கிறதா என்று தெரியாது. தேதியும் நேரமும் சரியா என்று பார்த்து, இட எண்ணை எழுதிய பலகையை முதல் படமாக எடுங்கள். கார்டுகள் கலந்துபோனால் அந்தப் பலகைதான் மீட்கும்.

மாட்டுப் பட்டிக்குப் போகும் தடங்களைத் தவிருங்கள். ஆயிரக்கணக்கில் மாட்டுப் படம் வந்து பேட்டரி தீரும். இரை, உப்பு எதுவும் வைக்காதீர்கள். யானை கேமராவைப் பிய்த்தெறிவது இங்கே வழக்கம், அந்த நாளிலிருந்து அந்த இடம் "வேலை செய்யவில்லை" என்று எழுதப்பட வேண்டும். மாதக்கணக்கில் விட்டு வைக்கவும் கூடாது. கணக்கெடுப்புக் காலத்தில் சிறுத்தைகள் பிறக்காமல் சாகாமல் வெளியேறாமல் இருக்கின்றன என்ற அனுமானத்தில்தான் எண்ணிக்கை வருகிறது.

சுள்ளி பொறுக்க வருபவர்களும் மாடு மேய்ப்பவர்களும் படத்தில் விழுவார்கள். எங்கே, எதற்காக கேமரா வைக்கிறோம் என்று முன்பே ஊரில் சொல்லிவிடுங்கள். அவர்கள் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். சொல்லிவிட்டு வைத்த ஊரில் கேமரா திருடு போவதும் குறைவு.

10. அன்று மாலையே

குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் முடிந்தது கதை. ஷீட்டைப் படம் எடுங்கள், கணினியில் ஏற்றுங்கள், எழுதியவர் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். "கடமான் 3, கோணம் ?" என்ற கேள்விக்குறிக்கு அன்று மாலை விடை இருக்கும், மறுவாரம் இருக்காது. தெரியவில்லை என்றால் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். கட்டத்தில் 0 என்பது "தேடினோம், இல்லை", காலி என்பது "பதிவு இல்லை". இரண்டையும் கலக்கும் ஆளைத் தரவு ஏற்றும் வேலையில் வைக்காதீர்கள்.

11. ஒப்படைப்பது

எண்ணிக்கையைத் தனி எண்ணாகச் சொல்லாமல், அதன் மேல் எல்லை, கீழ் எல்லையோடு சொல்லுங்கள். நடந்த மொத்த தூரம், கேமரா வேலை செய்த இரவுகள், ரத்தான நடைகள் எல்லாம் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

முழு அறிக்கை உயர் அலுவலகத்துக்கு. வனச்சரகருக்கும் கூட வந்த காவலர்களுக்கும் தமிழில் ஒரு பக்கம், வரைபடத்தோடு. சிறுத்தை, நாற்கொம்பு மான், எறும்புத்தின்னி கிடைத்த இடங்களின் ஜிபிஎஸ் எண் பொதுவில் போகும் எதிலும் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும் முன் இடக்குறிப்பை நீக்குங்கள். கோடுகளின் தொடக்க, முடிவுப் புள்ளிகளையும் காலி டேட்டா ஷீட்டையும் சரக அலுவலகத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டு வாருங்கள், அடுத்த ஜனவரியில் வரும் குழு அங்கிருந்துதான் தொடங்கும்.